பள்ளியிலும் ஊரிலும் பிள்ளைகளைத் தற்கொலையிலிருந்து காப்பது எப்படி: நெல்லைப் பக்கத்துக்கு ஒரு முழுமையான வழிகாட்டி

இந்த வரியை வாசிக்கும்போதே ஒரு பிள்ளையின் முகம் மனதில் வந்து நின்றால், மீதியை அப்புறம் வாசிக்கலாம். உயிருக்கு ஆபத்து என்றால் 108. ஆம்புலன்ஸ் வரும்வரை பிள்ளையைத் தனியாக விடாதீர்கள். பேச ஆள் வேண்டும் என்றால் 14416. இது டெலி மனஸ் என்ற அரசு சேவை, தமிழ்நாட்டில் ‘நட்புடன் உங்களோடு’ என்ற பெயரில் நடக்கிறது. எந்நேரமும் தமிழில் பேசலாம், காசு கிடையாது. 104-லும் ஆலோசனை கிடைக்கும். 18 வயதுக்கு உட்பட்ட பிள்ளைக்கு அடி, பாலியல் தொல்லை, கட்டாயக் கல்யாணம் என்று ஏதாவது இருந்தால் 1098. அந்தப் பிள்ளை நீங்களேதான் என்றாலும் இதே எண்கள்தான்.

சரி, இப்போது விஷயத்துக்கு வருவோம்.

2022-ல் இந்தியாவில் தற்கொலையால் இறந்தவர்கள் 1,70,924 பேர் என்கிறது தேசிய குற்ற ஆவணக் காப்பகம். அவர்களில் 13,044 பேர் மாணவர்கள். மாநிலங்களில் மகாராஷ்டிரத்துக்கு அடுத்த இடம் தமிழ்நாட்டுக்கு: 19,834 பேர். உலக அளவில் 15 முதல் 29 வயது வரை உள்ளவர்கள் இறப்பதற்கான காரணங்களில் இது மூன்றாவது.

இதற்கு நம் பள்ளிகளில் வழக்கமாக நடப்பது ஒரு தன்னம்பிக்கைக் கூட்டம். வெளியூரிலிருந்து பேச்சாளர் வருவார், சால்வை போடுவார்கள், இரண்டு மணி நேரம் மைக் முழங்கும், பிள்ளைகள் வெயிலில் உட்கார்ந்து கை தட்டுவார்கள், போட்டோ எடுத்து முடிப்பார்கள். அன்றைக்கு உண்மையிலேயே உடைந்துபோயிருக்கும் பிள்ளைக்கு ‘தோல்வியைக் கண்டு துவளாதே’ என்பது ‘நீ கோழை’ என்றுதான் காதில் விழும். கூட்டம் வேண்டாம் என்று சொல்லவில்லை. ஆனால் உயிரைக் காப்பது பெரும்பாலும் சின்னச் சின்ன ஏற்பாடுகள்தான். யார் கவனிப்பது, யார் கேட்பது, சாவி யாரிடம், அடுத்த வாரம் போன் போடுவது யார் என்பவை. இந்த வழிகாட்டி முழுக்க அந்த ஏற்பாடுகளைப் பற்றியது.

படி 1: ‘மார்க்தான் காரணம்’ என்ற நினைப்பை விடுங்கள்

ரிசல்ட் வரும் மே மாதம்தான் எல்லாருக்கும் இது நினைவுக்கு வருகிறது. தேர்வு ஒரு காரணம்தான், அது மட்டுமே காரணம் அல்ல. ஒரு பிள்ளை அந்த முடிவுக்குப் போவது பல சுமைகள் ஒன்றாகச் சேரும்போது. வீட்டில் தினம் குடித்துவிட்டு வரும் அப்பா, தெரிந்துபோன காதல், எல்லார் முன்னாலும் வாங்கிய அடி, வகுப்பு வாட்ஸ்அப் குரூப்பில் பரவிய ஒரு போட்டோ, யாரிடமும் சொல்ல முடியாத தொல்லை, கூடவே மனச்சோர்வு நோய். கடைசியாக நடந்தது போனைப் பிடுங்கி வைத்ததாக இருக்கலாம். ‘போன் தராததுக்கா இப்படி’ என்று ஊர் பேசும். போன் கடைசிச் சொட்டு, அவ்வளவுதான்.

நம் பக்கத்துக்கே உரிய சுமை ஒன்று உண்டு, அதைச் சொல்லாமல் எழுதினால் இந்த வழிகாட்டியே பொய்யாகிவிடும். அது சாதி. 2023 ஆகஸ்டில் நாங்குநேரியில் ஒரு பிளஸ் டூ மாணவனையும் அவன் தங்கையையும் உடன் படித்த பையன்களே வீடு புகுந்து வெட்டினார்கள். அதற்கு முந்தைய நாட்களில் அந்தப் பையன் பள்ளிக்கு வராமல் நின்றிருந்தான். அதன் பிறகு அரசு அமைத்த நீதிபதி சந்துரு குழு 2024 ஜூனில் அறிக்கை கொடுத்தது. கையில் கட்டும் வண்ணக் கயிறு முதற்கொண்டு சாதியைக் காட்டும் அடையாளங்கள் பள்ளிக்குள் கூடாது என்பது அதன் பரிந்துரைகளில் ஒன்று. அது வன்முறை வழக்கு, தற்கொலை அல்ல. ஆனால் வகுப்பில் தினமும் இழிவுபடும் பிள்ளை, உடம்பில் ஒரு காயமும் படாமலே உள்ளுக்குள் ஒடிந்துபோகவும் வாய்ப்பிருக்கிறது. கயிறைப் பிடுங்கிக் குப்பையில் போடுவதோடு ஆசிரியரின் வேலை முடியவில்லை. யார் யாரோடு உட்கார்ந்து சாப்பிடவில்லை, யாருடைய சைக்கிள் டயர் மட்டும் அடிக்கடி காற்றுப் போகிறது, யார் திடீரென்று டி.சி. கேட்கிறார் என்று பார்க்க வேண்டும். காரணமில்லாமல் ஒரு வாரம் வராத பிள்ளையின் வீட்டுக்கு யாராவது போக வேண்டும். அந்த ஒரு வழக்கம் இருந்தாலே பாதிப் பிரச்சினை முன்னாலேயே தெரிந்துவிடும்.

படி 2: ஒவ்வொரு பிள்ளைக்கும் ஒரு பெரியவர்

இதைச் செய்ய ஒரு மதியம் போதும், செலவு ஒரு சார்ட் பேப்பர். பிள்ளைகள் வீட்டுக்குப் போன பிறகு, பள்ளியில் உள்ள எல்லாப் பிள்ளைகளின் பெயரையும் வகுப்பு வாரியாகச் சுவரில் ஒட்டுங்கள். ஆசிரியர்கள் மட்டும் போதாது. பி.டி. சார், ஆபீஸ் கிளார்க், சத்துணவு அம்மா, வாட்ச்மேன் அண்ணாச்சி, பள்ளி வேன் டிரைவர் எல்லாரும் வரட்டும். ‘இந்தப் பிள்ளைக்கு ஒரு கஷ்டம் என்றால் என்னிடம் வந்து சொல்லும்’ என்று யாருக்கு யாரைப் பற்றித் தோன்றுகிறதோ, அந்தப் பெயருக்கு எதிரே ஒரு புள்ளி வைக்கட்டும்.

முடிந்ததும் தள்ளி நின்று பாருங்கள். முதல் ரேங்க் பிள்ளைக்கும் பெரிய சேட்டைக்காரனுக்கும் நிறையப் புள்ளி இருக்கும். நடுவில் ஒரு கூட்டம் புள்ளியே இல்லாமல் நிற்கும். நன்றாகவும் படிக்காமல், தப்பும் செய்யாமல், மூன்றாவது பெஞ்சில் சத்தமில்லாமல் உட்கார்ந்திருக்கும் பிள்ளைகள் அவர்கள். நீங்கள் தேட வேண்டியது அவர்களைத்தான். புள்ளி இல்லாத ஒவ்வொரு பெயரையும் ஒரு பெரியவர் எடுத்துக்கொள்ள வேண்டும். ஒருவருக்கு ஐந்தாறு பேர் வரும். அவர் அந்தப் பிள்ளையிடம் போய் ‘நான்தான் உன் பொறுப்பாளர்’ என்று அறிவிக்கத் தேவையில்லை. வாரத்துக்கு இரண்டு முறை பெயர் சொல்லிக் கூப்பிட்டு, ‘என்னல, உங்க ஆச்சிக்கு இப்ப எப்படி இருக்கு?’ என்று கேட்டால் போதும். அந்தச் சார்ட்டை அன்றைக்கே கிழித்துவிடுங்கள், பிள்ளைகள் கண்ணில் படக் கூடாது.

ஆச்சியைச் சொன்னதற்குக் காரணம் உண்டு. நெல்லைச் சீமையிலிருந்து மளிகைக்கடைக்கும் ஹோட்டலுக்கும் சென்னை, மும்பை என்று போன அப்பாக்கள் ஏராளம், வளைகுடாவுக்குப் போனவர்களும் உண்டு. ஆச்சி தாத்தா வளர்க்கும் பிள்ளைகளுக்குச் சோறு குறைவதில்லை. ஆனால் பதினாறு வயதுக் குழப்பத்தைச் சொல்ல வீட்டில் காது இருக்காது. அந்தப் பிள்ளைகளுக்குப் பள்ளியில் உள்ள பெரியவர்தான் பல சமயம் ஒரே ஆள்.

பல அரசுப் பள்ளிகளில் ‘மாணவர் மனசு’ பெட்டி இருக்கிறது. அதை எச்.எம். அறை வாசலில் வைத்தால் ஒரு பிள்ளையும் சீட்டுப் போடாது. தண்ணீர்த் தொட்டிப் பக்கமோ மாடிப்படித் திருப்பத்திலோ வையுங்கள், வாரா வாரம் திறங்கள். சீட்டில் பெயர் இல்லாவிட்டாலும் அதில் வந்த விஷயத்துக்கு என்ன செய்தோம் என்று காலைக் கூட்டத்தில் பொதுவாகச் சொல்லுங்கள். இல்லையென்றால் இரண்டு மாதத்தில் அது வெறும் மரப்பெட்டி.

படி 3: எதைக் கவனிப்பது

புத்தகத்தில் உள்ள நீண்ட பட்டியலை எல்லாராலும் நினைவில் வைக்க முடியாது. ஒன்றை மட்டும் பிடித்துக்கொள்ளுங்கள்: மாற்றம். கிரவுண்டை விட்டு நகராத பையன் கிரவுண்டுக்கே வருவதில்லை. பேசிக்கொண்டே இருக்கும் பிள்ளை மதியச் சாப்பாட்டைத் தனியாகப் போய்ச் சாப்பிடுகிறாள். தூக்கம் கெட்டுக் கண் வீங்கியிருக்கிறது. வெயில் காலத்திலும் முழுக்கைச் சட்டை. ஆசையாக வைத்திருந்த பேனாவையும் வாட்சையும் யாருக்காவது கொடுத்துவிடுகிறது. ‘நான் இல்லாம இருந்தா எல்லாரும் நிம்மதியா இருப்பாங்க’, ‘இன்னும் கொஞ்ச நாள்தான்’ என்று விளையாட்டுப்போலச் சொல்கிறது. வாட்ஸ்அப் ஸ்டேட்டஸில் சாவைப் பற்றிய வரிகள் வருகின்றன. இவற்றை முதலில் பார்ப்பது கூட்டாளிகள்தான், பெரியவர்கள் அல்ல.

பல நாள் வாடிக் கிடந்த பிள்ளை ஒருநாள் சட்டென்று தெளிந்து, நிம்மதியாகத் தெரிந்தால் ‘அப்பாடா’ என்று விட்டுவிடாதீர்கள். சில நேரம் அது முடிவெடுத்துவிட்ட நிம்மதி. அன்றைக்கே உட்கார்ந்து பேசுங்கள்.

‘சொல்றவன் செய்ய மாட்டான்’ என்பது நம் ஊரில் எல்லார் வாயிலும் வரும் பேச்சு. சுத்தப் பொய். இறந்தவர்களில் கணிசமானவர்கள் ஏதோ ஒரு விதத்தில் முன்பே யாரிடமோ சொல்லியிருக்கிறார்கள்.

படி 4: நேராகக் கேளுங்கள்

இந்த வழிகாட்டியில் ஒரே ஒரு படியைத்தான் செய்ய முடியும் என்றால் இதைச் செய்யுங்கள். பெரும்பாலானோர் தயங்கும் இடமும் இதுதான். ‘கேட்டால் இல்லாத நினைப்பை நாமே விதைத்துவிடுவோமோ’ என்ற பயம். கேட்பதால் எண்ணம் வருவதில்லை, ஏற்கெனவே உள்ள எண்ணத்தின் இறுக்கம் குறையத்தான் செய்கிறது என்று பல ஆய்வுகள் திரும்பத் திரும்பக் காட்டிவிட்டன.

இடம் முக்கியம். ஸ்டாஃப் ரூம் வேண்டாம், அங்கே பத்துக் காது இருக்கும். வேப்பமரத்தடி, லேப், ஆளில்லாத வராண்டா ஏதாவது ஒன்று. பெண் பிள்ளை என்றால் ஒரு டீச்சர் பேசுவது நல்லது. உங்கள் போனைச் சைலன்ட்டில் போட்டுப் பைக்குள் வையுங்கள். பேச்சு இப்படிப் போகலாம்:

“ஏலே, பத்து நாளா நீ நீயா இல்ல. விளையாடவும் வரல. என்ன விஷயம்?”

“ஒண்ணுமில்ல சார்.”

“சரி, ஒண்ணுமில்லன்னே இருக்கட்டும். உட்காரு. எனக்கும் இந்தப் பீரியடு வகுப்பு இல்ல.”

அப்புறம் சும்மா இருங்கள். அந்த அமைதியைத் தாங்குவது கஷ்டம், வாத்தியார்களுக்கு ரொம்பக் கஷ்டம். தாங்குங்கள். பேசத் தொடங்கினால் இடையில் தீர்வு சொல்லாதீர்கள், கேட்டதைத் திருப்பிச் சொன்னால் போதும். சுமை இவ்வளவு என்று தெரிந்ததும் கேளுங்கள்:

“இவ்வளவையும் ஒத்தையில சுமக்கும்போது சில பேருக்குச் செத்துப்போயிரலாம்னு தோணும். உனக்கு அப்படித் தோணியிருக்காய்யா?”

‘அந்த மாதிரித் தப்பு நெனப்பெல்லாம் உனக்கு இல்லல்லா?’ என்று கேட்காதீர்கள். அந்தக் கேள்விக்குள்ளேயே ‘இல்லை’ என்ற பதில் இருக்கிறது. ‘ஆமாம்’ என்று வந்தால் பதறாமல் இன்னும் மூன்று கேளுங்கள்: எவ்வளவு நாளாக, எப்படி எப்போது என்று யோசித்து வைத்திருக்கிறாயா, முன்னால் எப்போதாவது முயன்றதுண்டா. வழியும் நேரமும் யோசித்து வைத்திருந்தாலும், முன்பே முயன்றிருந்தாலும் ஆபத்து அதிகம். அன்றைக்கே அடுத்த படிக்குப் போக வேண்டும்.

சொல்லக் கூடாதவையும் உண்டு. நம் ஊரில் அதிகம் சொல்லப்படுவது இது: “உங்க அம்மா ராத்திரி பகலா பீடி சுத்தி உன்னப் படிக்க வைக்கா. அத நெனச்சுப் பாத்தியா?” மேலப்பாளையத்திலும் முக்கூடலிலும் இன்னும் எத்தனையோ ஊர்களிலும் இது உண்மைதான், அந்த அம்மா தட்டை மடியில் வைத்துக்கொண்டு தேய்ந்துதான் போகிறாள். ஆனால் அந்தப் பிள்ளை ஏற்கெனவே அதையேதான் நினைத்துக்கொண்டிருக்கிறது, ‘நான் ஒரு பாரம், நான் போனால் அம்மாவுக்கு ஓய்வு’ என்று. நல்லெண்ணத்தில் சொன்ன வார்த்தை அந்தக் கணக்கை உறுதிப்படுத்திவிடும். ‘சாமி கும்பிடு, சரியாப் போயிரும்’, ‘இதெல்லாம் ஒரு விஷயமா’, ‘எங்க காலத்துல…’ எல்லாம் இதே வகைதான். என்ன சொல்லலாம் என்றால், ‘சொன்னியே, அதுவே நல்லது. இனி நீ ஒத்தை ஆளு இல்ல. இப்ப என்ன செய்யலாம்னு ரெண்டு பேரும் சேர்ந்து பாப்போம்.’

படி 5: ரகசியம் காப்பதாகச் சத்தியம் செய்யாதீர்கள்

‘யார்கிட்டயும் சொல்லாதீங்க மிஸ்’ என்று பிள்ளை கேட்கும். ‘ஊரெல்லாம் சொல்ல மாட்டேன். ஆனா உன் உயிருக்கு ஆபத்துன்னா உதவி பண்ணக்கூடிய ஒருத்தர், ரெண்டு பேருக்குச் சொல்லித்தான் ஆகணும். யாருக்குச் சொல்லலாம்னு நீயே சொல்லு’ என்பது நேர்மையான பதில். அதன் பிறகு பெற்றோர் கையில் ஒப்படைக்கும்வரை ஒரு பெரியவர் கூடவே இருக்க வேண்டும், பாத்ரூம் போனாலும் வாசல்வரை. வீட்டுக்குத் தனியாகப் பஸ் ஏற்றி விடக் கூடாது.

பெற்றோரைக் கூப்பிடும்போது ‘உங்க பையன் இப்படிப் பண்ணப் பாத்தான்’ என்று புகார்போலத் தொடங்கினால் அன்றிரவு வீட்டில் அடி விழும். ‘பிள்ளைக்கு உடம்புக்கு முடியாதது மாதிரி மனசுக்கு முடியல, நல்லவேளை நம்மகிட்ட சொல்லிட்டான்’ என்று தொடங்குங்கள். ஆபத்தே வீட்டுக்குள் இருக்கிறது என்று தெரிந்தால் வீட்டுக்குச் சொல்லும் முன் 1098-ல் பேசுங்கள், மாவட்டக் குழந்தைகள் பாதுகாப்பு அலகு வந்து பார்க்கும். பாலியல் தொல்லை என்றால் 2012-ம் ஆண்டின் போக்சோ சட்டப்படி, தெரிந்தவர் காவல்துறைக்குச் சொல்லியே ஆக வேண்டும். பள்ளியின் பெயர் கெடும் என்று மூடி வைப்பது குற்றம். காதல் விவகாரம், அதுவும் வேறு சாதிக் காதல் என்றால் வீட்டுக்கு எதைச் சொல்வது எதைச் சொல்லாமல் விடுவது என்பதில் மிகக் கவனம் வேண்டும். உயிர் ஆபத்தை மட்டும் சொன்னால் போதும், காதலைச் சொல்ல வேண்டியதில்லை.

படி 6: பூட்டும் சாவியும்

இளவயதில் அந்த உந்துதல் பெரும்பாலும் கொஞ்ச நேர வேகம். அந்த நேரத்தில் ஆபத்தான பொருள் கைக்கெட்டாமல் இருந்தால் உயிர் தப்பிவிடும். அப்புறம் பலர் வேறு வழி தேடிப் போவதில்லை. தற்கொலைத் தடுப்பில் உறுதியாக நிரூபிக்கப்பட்டவற்றில் இது முதல் வரிசை.

நெல்லும் வாழையும் போடும் வீடுகளில் பூச்சி மருந்து திண்ணையிலோ மாட்டுத் தொழுவத்திலோ கிடக்கும். தேவையான அளவு மட்டும் வாங்குங்கள், மீதியை வீட்டுக்கு வெளியே பூட்டிய பெட்டியில் வையுங்கள், சாவி ஒரு பெரியவர் இடுப்பில் இருக்கட்டும். தாத்தாவின் சர்க்கரை, பிரஷர் மாத்திரைகளும், தூக்க மாத்திரையும் இதே பூட்டுக்குள்தான். பிள்ளை ஆபத்தில் இருக்கிறது என்று தெரிந்த வீட்டில் இதை அன்று மாலையே செய்ய வேண்டும்.

ஊராகச் சேர்ந்தும் செய்யலாம். கடலூர் மாவட்டம் காட்டுமன்னார்கோயில் பக்கத்துக் கிராமங்களில் விவசாயிகளின் மருந்தை ஒரு பொதுக் கட்டடத்தில் ஆளுக்கொரு பூட்டுப் பெட்டியில் வைக்கும் ஏற்பாட்டை டாக்டர் லட்சுமி விஜயகுமார் குழுவினர் சோதித்துப் பார்த்தார்கள், ஊர்க்காரர்கள் ஏற்றுக்கொண்டார்கள். சென்னையில் 1986-ல் சினேகா என்ற தற்கொலைத் தடுப்பு மையத்தைத் தொடங்கியவரும் அவர்தான். இலங்கை கொடிய பூச்சிக்கொல்லிகளை ஒவ்வொன்றாகத் தடை செய்தது. 1995-க்குப் பிறகான இருபது ஆண்டுகளில் அங்கே தற்கொலை விகிதம் சுமார் 70 சதவீதம் குறைந்தது, விளைச்சல் குறையவில்லை. தமிழ்நாட்டிலும் சில கொடிய மருந்துகளின் விற்பனைக்குத் தடை இருக்கிறது. உங்கள் ஊர் உரக்கடையில் பழைய சரக்கு விற்கிறார்களா என்று வேளாண் அலுவலரிடம் கேட்கலாம். பதினாறு வயதுப் பிள்ளை தனியாக வந்து கேட்டால் ‘அப்பாவை வரச் சொல்லு’ என்று திருப்பி அனுப்பும்படி கடைக்காரரிடமும் சொல்லி வையுங்கள். ஒரு டீ குடிக்கிற நேரத்தில் முடிகிற பேச்சு இது.

படி 7: ஆஸ்பத்திரி, போலீஸ், பயம்

ஏதாவது சாப்பிட்டிருக்கலாம் என்று சந்தேகம் வந்தாலே ஆஸ்பத்திரி. பிள்ளை தெம்பாகத் தெரிந்தாலும் சரி, ‘ஒண்ணும் பண்ணல’ என்று சொன்னாலும் சரி. உப்புத் தண்ணீர் கொடுத்து வாந்தி எடுக்க வைப்பது போன்ற கைவைத்தியம் வேண்டாம். பாட்டிலோ அட்டையோ கிடந்தால் கையோடு எடுத்துப் போங்கள். பாளையங்கோட்டை ஐகிரவுண்டு ஆஸ்பத்திரியில், அதாவது திருநெல்வேலி மருத்துவக் கல்லூரி மருத்துவமனையில், அவசரச் சிகிச்சையும் மனநலப் பிரிவும் ஒரே வளாகத்தில் இருக்கின்றன. தூரத்து ஊர்க்காரர்கள் முதலில் அருகில் உள்ள அரசு மருத்துவமனைக்குப் போய்விட வேண்டும். ‘பெரிய ஆஸ்பத்திரிக்கே போவோம்’ என்று நேரத்தை விடாதீர்கள்.

போலீஸ் கேஸ் ஆகிவிடும் என்று ஒளித்து வைப்பவர்கள் இன்னும் இருக்கிறார்கள். 2017-ம் ஆண்டு மனநலப் பாதுகாப்புச் சட்டத்தின் 115-வது பிரிவு, முயன்றவர் கடும் மன அழுத்தத்தில் இருந்தார் என்றே கருத வேண்டும், தண்டிக்கக் கூடாது என்கிறது. பழைய தண்டனைச் சட்டத்தின் 309-வது பிரிவு 2024 ஜூலை 1-ல் வந்த புதிய சட்டத்தில் அப்படியே தொடரவில்லை. ஆஸ்பத்திரியிலிருந்து தகவல் போய், ஒரு காவலர் வந்து நாலு கேள்வி கேட்கலாம். அதற்குப் பயந்து சிகிச்சையைத் தள்ளாதீர்கள்.

அவசரம் இல்லாத நிலையில், மாவட்ட மனநலத் திட்டத்தின் மருத்துவர் உங்கள் பக்கத்து அரசு மருத்துவமனைக்கு எந்தக் கிழமை வருகிறார் என்று கேட்டு எழுதி, பள்ளி ஆபீஸில் ஒட்டி வையுங்கள். அந்தக் கிழமை தெரியாததாலேயே பல பிள்ளைகளுக்கு மாதக்கணக்கில் சிகிச்சை தள்ளிப்போகிறது. கோடாங்கியிடமோ சாமியாடியிடமோ போவதைத் தடுத்துச் சண்டை போட வேண்டாம். ‘அங்கயும் போங்க, ஆனா முதல்ல டாக்டரப் பாத்துட்டுப் போங்க’ என்றால் கேட்பார்கள்.

படி 8: திரும்பி வந்த பிள்ளை

ஒருமுறை முயன்று பிழைத்த பிள்ளைக்கு ஆஸ்பத்திரியிலிருந்து வந்த முதல் சில வாரங்கள் மிகவும் ஆபத்தானவை. அதே நேரத்தில்தான் எல்லாரும் ‘கண்டம் தப்பியாச்சு’ என்று கையை உதறுகிறார்கள்.

உலக சுகாதார அமைப்பு ஐந்து ஊர்களில் ஓர் ஆய்வு நடத்தியது. அவற்றில் ஒன்று சென்னை. முயன்று பிழைத்தவர்களுக்கு ஒரு மணி நேரம் விளக்கிப் பேசி, அப்புறம் 18 மாதத்தில் ஒன்பது முறை போனிலோ நேரிலோ ‘எப்படி இருக்கீங்க’ என்று விசாரித்தார்கள். அவ்வளவுதான். வழக்கமான சிகிச்சை மட்டும் பெற்றவர்களில் 2.2 சதவீதம் பேர் பிற்பாடு தற்கொலையால் இறந்தார்கள், விசாரிக்கப்பட்டவர்களில் 0.2 சதவீதம். இதை ஒரு பள்ளியோ, ஒரு பங்குச் சாமியாரோ, ஒரு கிராமச் செவிலியரோ செய்ய முடியும். முதல் மாதம் வாரம் ஒருமுறை, அப்புறம் இடைவெளி விடலாம். நாள்களைக் காலண்டரில் குறித்துவிடுங்கள், ஞாபகத்தை நம்பாதீர்கள்.

பள்ளிக்குத் திரும்பும் முன் பிள்ளை, பெற்றோர், பொறுப்பு ஆசிரியர் உட்கார்ந்து ஒரு தாளில் எழுதுங்கள். மனசு கலங்கத் தொடங்கினால் எனக்கு எப்படித் தெரியும், அப்போது நான் தனியாகச் செய்யக்கூடியது என்ன, யாரைத் தேடிப் போவேன், யாருக்குப் போன் செய்வேன், வீட்டில் எதைப் பூட்டி வைக்க வேண்டும். பிள்ளையின் சொந்த வார்த்தையில், அதன் கையெழுத்தில் இருக்கட்டும். ‘குளத்தங்கரைக் கோயில்ல போய் உட்காருவேன்’, ‘சித்தி வீட்டுக்குப் போயிருவேன்’ என்று வந்தால் அப்படியே எழுதுங்கள். விடுபட்ட பாடத்தை ஒரே மூச்சில் தலையில் கட்டாதீர்கள். வகுப்பில் யாராவது கேட்டால் ‘உடம்பு சரியில்லாம இருந்தது’ என்று சொல்லவா வேண்டாமா என்பதையும் பிள்ளையே முடிவு செய்யட்டும். டி.சி. கொடுத்து அனுப்புவது மட்டும் எந்த நிலையிலும் கூடாது.

படி 9: பிள்ளைகளுக்கே சொல்லிக்கொடுங்கள்

பத்து ஐரோப்பிய நாடுகளில் 11,110 மாணவர்களிடம் நடந்த ஓர் ஆய்வு 2015-ல் வெளியானது. ஆசிரியர்களுக்கு மட்டும் பயிற்சி கொடுத்த பள்ளிகளில் பெரிய வித்தியாசம் தெரியவில்லை. மாணவர்களோடே பேசி, நடித்துப் பார்த்து, ஒருவருக்கொருவர் உதவக் கற்ற பள்ளிகளில் ஓராண்டில் தற்கொலை முயற்சிகள் ஏறக்குறையப் பாதியாகக் குறைந்தன. நடிப்பு என்றால் நம் பிள்ளைகளுக்குச் சொல்லவா வேண்டும்! ‘கூட்டாளி இப்படி மெசேஜ் போட்டான், நீ என்ன செய்வ?’ என்று கொடுத்துப் பாருங்கள். அவர்களுக்குத் தெரிய வேண்டியது இரண்டே விஷயம்: இந்த ரகசியத்தைக் காப்பது நட்பு ஆகாது, எந்தப் பெரியவரிடம் ஓடிப்போய்ச் சொல்வது. காப்பாற்றும் பொறுப்பை அவர்கள் தலையில் வைத்துவிடாதீர்கள்.

கோச்சிங் சென்டர்களுக்கும் ஒரு வார்த்தை. 2025 ஜூலையில் உச்ச நீதிமன்றம் கொடுத்த வழிகாட்டுதல்படி, நூறு மாணவர்களோ அதற்கு மேலோ உள்ள கல்வி நிறுவனங்கள் தகுதியுள்ள ஆலோசகர் ஒருவரையாவது வைத்திருக்க வேண்டும். மார்க் அடிப்படையில் பேட்ச் பிரிப்பதும் எல்லார் முன்னாலும் அவமானப்படுத்துவதும் கூடாது. பீஸ் கட்டும் முன் ‘உங்க ஆலோசகர் யாரு?’ என்று பெற்றோர் கேட்கலாம்.

படி 10: ஊர்

பள்ளிக்கு வராத பிள்ளைகளும் இருக்கிறார்கள். இடையில் நின்றவர்கள், ஐ.டி.ஐ. முடித்துச் சும்மா இருப்பவர்கள், கல்யாணம் பேசப்படும் பெண்கள். இவர்களைப் பள்ளிச் சார்ட்டில் பிடிக்க முடியாது. கோயில் கொடைக் கமிட்டி, ஜமாஅத், சர்ச் வாலிபர் சங்கம், மகளிர் சுய உதவிக் குழு, கபடி டீம் என்று ஊரில் ஏற்கெனவே கூடும் கூட்டங்களைப் பிடியுங்கள். கொடை நோட்டீஸின் கடைசி வரியிலும் பீடிக் கடைச் சுவரிலும் 14416 இருக்கட்டும். பீடி சுற்றும் பெண்கள் மாலையில் கூடியிருக்கும் திண்ணையில் ஊரின் எந்த வீட்டில் என்ன நடக்கிறது என்பது முழுக்கத் தெரியும். அங்கே ஓர் அக்காவுக்கு ‘யாரிடம் சொல்வது’ என்று தெரிந்திருந்தால் அது பெரிய பலம்.

படி 11: ஓர் இறப்பு நடந்துவிட்டால்

வேண்டாத படி, ஆனால் தயாராக இருக்க வேண்டும். ஓர் இளவயது இறப்பு அதே பள்ளியில், அதே தெருவில் இன்னொன்றைத் தூண்டக்கூடும். நம் ஊரில் மறுநாளே கண்ணீர் அஞ்சலி பிளெக்ஸ் முக்குக்கு முக்கு எழும், மாலை போட்ட போட்டோவுக்குச் சினிமா வசனம் எழுதுவார்கள், ஸ்டேட்டஸ் முழுக்க அதே முகம். ஏற்கெனவே தளர்ந்திருக்கும் பிள்ளைக்கு அது ‘செத்தால்தான் மதிப்பு’ என்று சொல்கிறது. துக்கத்தைத் தடுக்கக் கூடாது, பிளெக்ஸைத் தடுக்கலாம். இளைஞர்களிடம் பக்குவமாகப் பேசி, அந்தக் காசைக் குடும்பத்துக்குக் கொடுக்கச் சொல்லுங்கள்.

பள்ளியில் பெரிய கூட்டம் போட்டு அறிவிக்காமல் வகுப்பு வகுப்பாகச் சொல்லுங்கள். எப்படி இறந்தான் என்ற விவரம் வேண்டாம், ‘இதனால்தான்’ என்ற ஒற்றைக் காரணமும் வேண்டாம். நெருங்கிய கூட்டாளி, கடைசியாகச் சண்டை போட்டவள், அண்ணன் தம்பிமார் ஆகியோரைத் தனித்தனியாகப் பார்த்து, நான்காம் படியில் உள்ளதுபோல நேராகக் கேளுங்கள். ஆசிரியர்களும் உடைந்துதான் இருப்பார்கள், அவர்களுக்கும் யாராவது கேட்க வேண்டும். உள்ளூர் நிருபர் வந்தால் இறந்தவர் படத்தைப் போடாமல், செய்தியோடு 14416-ஐயும் போடச் சொல்லுங்கள், கடிதம் இருந்தால் காட்டாதீர்கள்.

படி 12: ரிசல்ட் நாள்

பத்து, பிளஸ் டூ முடிவுகள் மே மாதம் வரும், நீட் அதற்குப் பிறகு. தேதி முன்பே தெரியும் என்பதால் இது ஒன்றுதான் முழுக்கத் திட்டமிடக்கூடிய ஆபத்து. முந்தைய வாரமே, பாஸாவது சந்தேகம் உள்ளவர்களையும் மிகப் பெரிய மார்க்கை எதிர்பார்த்திருப்பவர்களையும் குறித்துக்கொள்ளுங்கள். இரண்டாவது கூட்டத்தை மறந்துவிடுகிறோம். 560 எதிர்பார்த்து 510 வாங்கிய பிள்ளை வீட்டில் இனிப்பு இருக்கும், சிரிப்பு இருக்காது. முடிவு வந்த ஒரு மணி நேரத்துக்குள் அவர்களுக்குப் போன் போக வேண்டும், எடுக்காவிட்டால் அந்தத் தெரு ஆள் ஒருவர் வீட்டுக்குப் போக வேண்டும்.

வீட்டில் அன்று பிள்ளையைத் தனியாக விடாதீர்கள். வெளியூர் அப்பா லீவு போட முடியாவிட்டால் வீடியோ காலிலாவது முதலில் அவர் பேசட்டும், மார்க்கை அப்புறம் கேட்கட்டும். சொந்தக்காரர்கள் போனை அம்மாவே எடுத்து, ‘ரிசல்ட்டு வந்திருக்கு, நாங்க பேசிக்கிட்டிருக்கோம், பொறவு சொல்லுதேன்’ என்று வைத்துவிடலாம். 35 எடுக்காதவர்களுக்கு ஜூன், ஜூலையில் துணைத் தேர்வு உண்டு, அதில் தேறினால் அதே வருடம் கல்லூரியிலோ பாலிடெக்னிக்கிலோ சேரலாம். ஆனால் இதை முடிவு வந்த நிமிஷத்தில் சொல்லாதீர்கள். முதலில் சோறு, தூக்கம். மறுநாள் காலையில் வகுப்பாசிரியர் துணைத் தேர்வு விண்ணப்பத்தின் கடைசித் தேதியை எழுதி எடுத்துக்கொண்டு வீட்டுக்கு வரட்டும். சந்தேகம் இருந்தால் 14417-ல் பள்ளிக் கல்வித் துறையிடமே கேட்கலாம்.